பாம்புக்குட்டியின் பசி

2023 ஜூலைக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து திருச்சியில் வந்திறங்கிய ஒரு பயணியின் டிராலிப் பையில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் இருந்தன. சுங்கத்துறையினர் பிடித்தார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை விமான நிலையத்தில் வேறொரு பயணியிடம் 22 பாம்புகள். செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து பெங்களூருக்கு வந்த பைகளில் 55 பால் பைத்தான்களும் 17 ராஜநாகங்களும். கூடவே ஆறு தென்னமெரிக்கக் குரங்குகள், ஆறும் செத்துப்போய்.

செய்திகள் கொண்டுவந்தவரோடு முடிந்துவிட்டன. இவற்றை வாங்குவதற்காகக் காத்திருந்தவர்கள் யாரென்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். வாங்கி விற்கும் தரகனைச் சொல்லவில்லை. அவனுக்கும் அப்பால், ஏதோ ஒரு ஊரில், ஒரு மாடி அறையில், கண்ணாடித் தொட்டி வாங்கி வைத்து, அடியில் தேங்காய் நார்த்தூள் பரப்பி, ஒரு சின்னஞ்சிறு பாம்பு வருமென்று நாள் எண்ணிக்கொண்டிருந்த இளைஞனைச் சொல்கிறேன். அவனுடைய ஆசையில் எனக்கு வெறுப்பில்லை. பாம்பு என்றதும் தடியைத் தேடுகிற ஒரு நாட்டில், பாம்பு என்றதும் அதற்கு என்ன சாப்பாடு கொடுப்பது என்று கேட்கிறவன் பிறந்திருக்கிறான் என்றால் அதைச் சின்ன விஷயமாக நினைக்க என்னால் முடியவில்லை. அந்தக் கேள்வி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் கவலை.

பால் பைத்தான் (ball python) மேற்கு ஆப்பிரிக்காவின் மலைப்பாம்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளில் சினைப் பாம்புகளைக் காட்டிலிருந்து பிடித்துவந்து, முட்டையிட வைத்து, பொரிந்த குஞ்சுகளை உலகமெங்கும் ஏற்றுமதி செய்வது அங்கே ஒரு தொழில். பயந்தால் தலையை உள்ளே இழுத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், கடிப்பது அரிது. அந்த அடக்கமே அதற்கு வினையாகிவிட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பால் பைத்தான் 2020இல் முட்டையிட்டது. பத்தொன்பது வயதில் ஒருவன் வாங்கி வைக்கிற குட்டி, அவன் வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, வாடகை வீடு பல மாறி, தலை நரைத்த பிறகும் அவனோடு இருக்கக்கூடும் என்று பொருள். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இதே பாம்புக்கு அதன் சொந்த மண்ணில் கோயில் இருக்கிறது. பெனினில் உய்தா என்ற கடலோர ஊரின் பைத்தான் கோயிலில் ஒரு சிறு வட்ட வீட்டுக்குள் பாம்புகள் குவிந்து கிடக்கும். அவற்றுக்கு யாரும் இரை வைப்பதில்லை. அவ்வப்போது இரவில் வெளியே விடுகிறார்கள். அவை ஊருக்குள் போய் எலி பிடித்துத் தின்னும். யார் வீட்டிலாவது நுழைந்துவிட்டால், வீட்டுக்காரர் அதை மரியாதையாக எடுத்துக்கொண்டு வந்து கோயிலில் சேர்க்கிறார். இருக்க இடம் மனிதன் கொடுக்கிறான், சாப்பாட்டை ஊர் கொடுக்கிறது. பாம்பு வளர்ப்பைப் பற்றி நான் அறிந்தவற்றில் இதைவிடச் செம்மையான ஏற்பாடு வேறில்லை.

தொட்டியில் வளர்ப்பவனுக்கு அந்த வசதி கிடையாது. ஊர் செய்ததையெல்லாம் அவன் தனியாளாகச் செய்ய வேண்டும். முதலில் வெயில். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்காது, இடம் மாறி மாறித்தான் அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். ஆகவே தொட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரி இருந்தால் மறுமுனை 26 இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் உடம்பு உரச ஒடுங்கிக்கொள்ளும்படி ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். ஒன்று மட்டும் வைத்தால், சூடு வேண்டுமா பாதுகாப்பு வேண்டுமா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டிவரும், குட்டி எப்போதும் பாதுகாப்பையே தேர்ந்தெடுத்துச் செரிமானம் கெடும். பெரிய தொட்டி நல்லது என்று நமக்குத் தோன்றும். குட்டிக்கு வெட்டவெளி ஆகாது. பருந்துக்கும் கீரிக்கும் காகத்துக்கும் இரையாகிவந்த வம்சம் அது. மறைவில்லாத அகலத்தில் விட்டால் பட்டினி கிடந்தே மெலியும். விரல் நுழையாத இடைவெளியிலும் அது நுழைந்துவிடும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தட்டில் எப்போதும் தண்ணீர். காற்றில் ஈரம் குறைந்தால் சட்டை ஒரே உறையாகக் கழலாமல் துண்டு துண்டாக உரியும். கண்மேல் உள்ள செதில் ஒட்டிக்கொண்டுவிடும்.

பிறகு இரை. குட்டியின் உடம்பில் தடித்த பகுதி எவ்வளவோ அவ்வளவு பருமன்தான் இரையும் இருக்கலாம். கண் திறக்காத சுண்டெலிக் குஞ்சிலிருந்து தொடங்கி, அது வளர வளர இரையும் வளர வேண்டும். குட்டிக்கு வாரம் ஒருமுறை போதும். வெளிநாடுகளில் எலியைப் பண்ணையில் வளர்த்து, கொன்று, உறையவைத்து விற்கிறார்கள். வெதுவெதுப்பாக்கி இடுக்கியால் நீட்ட வேண்டும். உயிரோடு எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போனால், பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். தின்ற பிறகு இரண்டு நாள் தொடக்கூடாது. அந்த இரண்டு நாளில் அதன் உடம்புக்குள் நடப்பது சாதாரணமில்லை. பர்மிய மலைப்பாம்பை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது: இரை விழுங்கி 48 மணி நேரத்துக்குள் அதன் இதயத்தின் கீழறை 40 சதவீதம் பெருத்துவிடுகிறது. குடல் தடிக்கிறது, வளர்சிதை மாற்றத்தின் வேகம் பல மடங்கு ஏறுகிறது, செரித்து முடிந்ததும் எல்லாம் பழைய அளவுக்கு அடங்குகிறது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் உடம்பையே புதிதாகக் கட்டிப் பிரிக்கிற உயிர் அது. அந்த நேரத்தில் அதைத் தூக்கிக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டால் விழுங்கியதைக் கக்கிவிடும். குட்டி ஒருமுறை கக்கினால் தேற நாளாகும். அடுத்தடுத்துக் கக்கினால் பிழைப்பது அரிது.

வளர்ப்புக் குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. சூடேற்றும் பாய், சூட்டு விளக்கு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி என்று பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தியாகதுருகத்தில் சித்திரை, வைகாசியில் சிமென்ட் ஷீட் போட்ட அறைக்குள் நுழைந்து பார்த்தவருக்குத் தெரியும், இங்கே சிக்கல் மறுபக்கம். வெயில் 40 டிகிரியை நெருங்கும். மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த சூட்டை நள்ளிரவு வரை கக்கும். மத்தியானம் மின்சாரம் நின்றால் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் பாம்புக்கு ஒதுங்க நிழலில்லை, வேகும். 1790இல் திப்புவின் படைக்கு ஈடுகொடுத்து நின்ற கோட்டை அது. இன்று இடிந்த மதிலின் கல்லிடுக்குகளில் பாம்புகள் குடியிருக்கின்றன. வெளியே நெருப்பாய்க் கொதிக்கிற நாளில் ஒரு முழம் உள்ளே தள்ளி இருக்கும் பொந்தில் கையை நீட்டக்கூடாதுதான். ஆனால் அதன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாலே வேறொரு காற்று தட்டும். சில்லென்று, மண்வாடையோடு.

தமிழ்நாட்டில் பாம்புக்குட்டி வளர்த்த கதைகளில் பெரிய கதை ரோமுலஸ் விட்டேக்கருடையது. 1943இல் நியூயார்க்கில் பிறந்தவர். சிறு வயதில் பாம்பைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா திட்டவில்லை, ஊக்கப்படுத்தினார். 1951இல் குடும்பம் இந்தியாவுக்கு வந்தது. கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் கட்டிலுக்கடியில் ஒரு மலைப்பாம்பை வைத்து வளர்த்தவர் அவர். பிற்பாடு அமெரிக்காவில் மியாமியில் பில் ஹாஸ்டின் பாம்புப் பண்ணையில் வேலை பார்த்துத் திரும்பி வந்து, கிண்டிப் பாம்புப் பண்ணையையும் அடுத்து முதலைப் பண்ணையையும் உருவாக்கினார். ஒரு பையனின் கட்டிலடிப் பாம்பு எத்தனை தூரம் போக முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் அந்தப் பையன் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பாம்பைத் தன்னிடம் வைத்துக்கொள்வதிலிருந்து, பாம்பு இருக்கிற இடத்துக்குத் தான் போவது வரை அவர் நடந்தார். அந்த வழியைக் காட்டியவர்கள் இருளர் பழங்குடியினர்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பாம்புத்தோல் ஏற்றுமதியும் தடைபட்டது. தோலுக்காகப் பாம்பு பிடித்துக்கொடுத்துப் பிழைத்துவந்த இருளர்களின் அடுப்பு அணைந்தது. 1978இல் அவர்களும் விட்டேக்கரும் சேர்ந்து உண்டாக்கியதுதான் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடிக்கிறார்கள். சில வாரம் வைத்திருந்து, வாரம் ஒருமுறை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் வெட்டி, காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளம் இருந்தால் அதே பாம்பை உடனே மறுபடி பிடிக்க மாட்டார்கள். நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்றப்படும் விஷமுறிவு மருந்துக்கு மூலப்பொருள் அங்கிருந்து போகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கும்போது, அந்தச் சங்கத்தின் வேலை எவ்வளவு பெரிதென்று சொல்ல வேண்டியதில்லை.

அங்கே பாம்பு குடியிருப்பது மண்பானையில். வாயைத் துணியால் மூடிக் கயிற்றால் கட்டியிருக்கும். வரிசை வரிசையாகப் பானைகள். கண்ணாடி இல்லை, விளக்கு இல்லை, பார்வையாளருக்கான ஜோடனை எதுவும் உள்ளே இல்லை. இருட்டு, குளிர்ச்சி, உடம்பை எல்லாப் பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் — பாம்பு கேட்பது இந்த மூன்றுதான். மண் மூச்சுவிடுவதால் கோடையிலும் பானைக்குள் சூடு மட்டுப்படும். பாம்பின் பொந்தைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொந்தையே களிமண்ணில் வனையத் தெரிந்திருக்கிறது. பாம்பு பார்க்கப்படுவதற்காக அங்கே இல்லை, திரும்பிப் போவதற்காக இருக்கிறது. அதனால்தான் அந்த வீடு அத்தனை சரியாக அமைந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

2017இல் அந்தச் சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகிவிட்டிருந்தன. ஆசியப் பாம்பு அமெரிக்காவுக்குப் போன வழி வளர்ப்புச் சந்தைதான். ஒன்றரை அடிக் குட்டியாக வாங்கி, பத்தடி, பன்னிரண்டடி ஆனதும் இரைபோட்டுக் கட்டுபடியாகாமல் இரவோடு இரவாகக் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். சில தாமே தப்பின. 2012இல் வந்த ஓர் ஆய்வின்படி, எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவின் தென்பகுதியில் சாலையோரத்தில் கண்ணில் படும் ரக்கூன்கள் 99 சதவீதம் குறைந்துபோயிருந்தன. அதே ஆண்டுதான் அமெரிக்கா அந்தப் பாம்பின் இறக்குமதியைத் தடை செய்தது. நாய்களையும் கருவிகளையும் வைத்துத் தேடிச் சலித்த இடத்தில் நம் இருளர்கள் இருவரும் முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக்கொடுத்தார்கள். புல் சாய்ந்திருக்கும் விதத்தையும் காய்ந்த எச்சத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். அவசரப்படவில்லை. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. யாரோ ஓர் அமெரிக்க வீட்டில் ஆசையாகத் தொடங்கிய காரியத்தின் முடிவை அள்ளிக் கட்ட, தோல் வியாபாரம் போய்ப் பட்டினி கிடந்த ஒரு பழங்குடியின் பிள்ளைகள் கடல் கடந்து போக வேண்டியிருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து என்னால் பாம்பு வளர்ப்பையும் பாம்பின் பசியையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வளர்ப்பது என்றால் அந்தப் பசியைக் கடைசி வரை ஏற்றுக்கொள்வது. பாதியில் கைவிட்டால் அது வேறெங்காவது போய்த் தின்னும்.

இங்கே நம் ஊருக்கு வருகிறேன். மழை பிடித்துக் குட்டைகள் நிறைந்த ஒரு சமயம், பக்கத்துத் தெருப் பையன் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தான். உள்ளே ஒரு சாண் நீளத்தில் தண்ணீர்ப் பாம்புக் குட்டி.

“மாமா, ஒண்ணுமே திங்க மாட்டேங்குது. பால் ஊத்தினேன். சோறு போட்டேன். முட்டைகூட வெச்சேன்.”

பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதுகில் சதுரங்கக் கட்டம்போல் கறுப்புப் புள்ளிகள், கண்ணுக்குக் கீழே சாய்வாக இரண்டு கருங்கோடு. வயிறு ஒட்டி, பக்கவாட்டில் தோல் மடிப்பு விழுந்திருந்தது. கண்ணாடியில் மூக்கை உரசி உரசி மூக்குநுனி சிவந்திருந்தது. அடியில் பால் திரிந்து நாறியது.

“தலைப்பிரட்டை போட்டியா?”

“அது தவளைக்குட்டிதானே மாமா? அதைப் போயா தின்னும்?”

தின்னும். தலைப்பிரட்டை, சின்ன மீன், கட்டைவிரல் அளவு தவளை. அவன் அதைப் பிடித்த குட்டையிலேயே அதற்கான சாப்பாடு கூட்டம் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தது. குட்டைக்குப் போய்ப் பாட்டிலைச் சாய்த்தோம். ஒரு நொடி அசையாமல் கிடந்தது, பிறகு நீரில் ஒரு கோடு, அவ்வளவுதான். பையன் அழவில்லை, ஆனால் அங்கிருந்து வர மனமில்லாமல், எங்கே தலை நீட்டும் என்று கரையிலேயே உட்கார்ந்திருந்தான். நம் நாட்டுப் பாம்பு எதையும் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதில்லை என்றும் சொன்னேன். மலைப்பாம்பு என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. அயல்நாட்டுப் பாம்பாக இருந்தாலும், 2024இல் வந்த விதிகளின்படி பட்டியலில் உள்ள உயிர் என்றால் வனத்துறையிடம் இணையவழி பதிவுசெய்தாக வேண்டும். பையில் கடத்தி வந்ததற்கு அந்தக் காகிதம் கிடைக்காது.

சட்டத்தைவிட அவசரமான காரணம் ஒன்றும் இருக்கிறது. அவன் கையில் அன்று கிடைத்தது தண்ணீர்ப் பாம்பு, இன்னொரு நாள் அது கண்ணாடி விரியன் குட்டியாக இருக்கலாம். கண்ணாடி விரியன் குட்டி போடுவது பெரும்பாலும் வைகாசியிலிருந்து ஆடிக்குள். ஒரே ஈற்றில் இருபது, முப்பது என்று போடும். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான நீளம், தடித்த உடம்பு, அழகான சங்கிலிப் புள்ளிகள். மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துக் கையில் எடுத்துவிடுவார்கள். விரியனின் புள்ளிகள் கருவிளிம்போடு மூன்று வரிசையில் ஒழுங்காக ஓடும்; மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் பரந்திருக்கும். பிறந்த அன்றே விரியனுக்கு விஷப்பல் உண்டு, விஷமும் உண்டு. அதேபோல, பல்லி தேடிச் சுவரேறி வருகிற விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்று அடித்துக் கொல்கிறோம். வரையனுக்குப் பட்டைகள் கழுத்திலிருந்தே தொடங்கி வாலருகே மங்கும். கட்டுவிரியனுக்கு முன்னுடம்பில் அநேகமாக இருக்காது, பின்னால் போகப் போகத் தெளிவாக, இரட்டை இரட்டையாக வரும். ஆனாலும் சந்தேகம் வந்தால் தள்ளி நிற்பதுதான் சரி. கடித்துவிட்டால் கீறுவதும் கட்டுவதும் மந்திரிப்பதும் வேண்டாம். கடிபட்ட கையைக் காலை அசைக்காமல் 108ஐக் கூப்பிட்டுக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே போகிற வழியில் வேறெங்கும் நின்று நேரம் போக்கக்கூடாது.

அந்தப் பையன் பால் ஊற்றியதில் ஆச்சரியம் இல்லை. ஆடி வெள்ளியில் அவன் அம்மா புற்றுக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவன். பாம்பு பாலைத் தேடிக் குடிக்காது. தாகத்தில் தவித்துப்போனால் எந்த நீர்மத்தையும் உறிஞ்சும், பால் அதற்குச் செரிக்காது. இதைச் சொன்னால் புற்றுக்குப் பால் ஊற்றும் பெண்களைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கையில் இருப்பதில் உயர்ந்ததை, தன்னைக் கொல்லக்கூடிய ஓர் உயிருக்குக் கொண்டுபோய் வைக்கிற அந்த மனசுக்கு நான் தலைவணங்குகிறேன். அந்தப் பக்தியோடு அந்த உயிர் என்ன தின்கிறது என்ற அறிவும் சேர்ந்திருக்கக் கூடாதா என்பதுதான் என் ஏக்கம். பூஜை போடும் புற்றே ஒரு பெரிய வேலைப்பாடு. கரையான் தன் பூஞ்சைத் தோட்டத்துக்காக உள்ளே ஈரத்தையும் சூட்டையும் மட்டாக வைத்திருக்கிறது. வெளியே எந்தப் பருவமானாலும் உள்ளே பெரிய மாற்றமில்லை. கைவிட்ட புற்றில் பாம்பு குடியேறுவது அதனால்தான். கண்ணாடித் தொட்டிக்காரன் கருவி வாங்கிப் பொருத்திச் சாதிப்பதை, எறும்பளவுப் பூச்சிகள் எச்சிலையும் மண்ணையும் வைத்துச் செய்து வைத்திருக்கின்றன. அதன்மேல் வெள்ளைச் சிமென்ட் பூசிக் கம்பிவலைக் கதவு போட்டுவிட்டால் அம்மனுக்கு வீடு ஆகும், பாம்புக்கு ஆகாது.

வீட்டில் பாம்பு வேண்டுமென்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு ஒரு சேதி உண்டு. அநேகமாக உங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. துளசி மாடத்து மண்ணைக் கிளறும்போதோ பூந்தொட்டியை மாற்றும்போதோ, மண்புழு என்று நினைத்து ஒதுக்கிவிடும் கறுத்த, பளபளப்பான, கம்பிபோல் மெல்லிய ஒன்று வேகமாக நெளியும். மண்புழுவுக்கு வளையங்கள் உண்டு, இதற்குக் கிடையாது; வழவழவென்ற செதில்கள். புழுப்பாம்பு. ஒரு சாணுக்குள்தான் இருக்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் செதிலுக்கடியில் இரண்டு புள்ளிகள். வெளிச்சம் இருட்டு மட்டும் தெரியும். எறும்பின் முட்டையும் கரையான் புழுவும்தான் உணவு. இந்த இனத்தில் ஆணே கிடையாது. எல்லாம் பெண், துணையில்லாமல் தானே முட்டையிட்டுத் தன்னைப் போன்றதையே பெற்றெடுக்கும். ஒன்று போதும், ஒரு குடி உண்டாகிவிடும். செடித்தொட்டி மண்ணில் ஒளிந்தே கப்பலேறி அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் என்று உலகில் மிகப் பரவலாகப் போய்ச் சேர்ந்த பாம்பு இதுதான். காதுக்குள் நுழைந்துவிடும் என்று பயந்து குளியலறையில் கண்டால் உப்பைக் கொட்டிக் கொல்கிறார்கள். அது யார் காதையும் தேடி வருவதில்லை. அதை வளர்க்க வேண்டிய அவசியமுமில்லை. தொட்டியில் எறும்புப் பொடி தூவாமல் இருந்தால் அதுவே அதற்கு இரை போட்டதாகும்.

பயம் கொல்லும் பாம்புகளுக்கு இணையாகப் பேராசையும் கொல்கிறது. மண்ணுளிப் பாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாலும் தலைபோல் மழுங்கியிருப்பதால் இருதலைப் பாம்பு என்ற பெயர். கோடி ரூபாய் போகும், புதையல் காட்டும், தீராத நோய்க்கு மருந்து என்றெல்லாம் புரளி. எடை கூடக் கூட விலை கூடுமாம். அதனால் யார் யாரோ பிடித்துத் தகர டிரம்மிலும் பிளாஸ்டிக் வாளியிலும் அடைத்து, வாங்குபவன் வருவான் என்று மாதக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் வனத்துறை இவர்களைப் பிடித்த செய்திகள் ஓயாமல் வருகின்றன. மண்ணுளிக்குத் தளர்ந்த மண் வேண்டும். உடம்பு முழுக்கப் புதைந்து மூக்கும் கண்ணும் மட்டும் வெளியே இருக்கும்படி கிடந்து, அருகே வரும் எலியைச் சுற்றி இறுக்கும். தகரத்தின்மேல் அது எந்த வேலையும் செய்ய முடியாத உயிர். பயத்தில் இரை எடுக்காமல் மெலியும். நம்மிடமிருந்து ஒரு காசு வாங்காமல் வயலில் எலி பிடித்துக்கொண்டிருந்த ஒன்றைக் காசுக்காகப் பட்டினி போட்டுக் கொல்வதை என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் பகுதியில் கரும்பு அதிகம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் இருக்கின்றன. அரவைப் பருவத்தில் சாலையெல்லாம் லாரியும் டிராக்டரும். கரும்புத் தோட்டம் எலிக்குச் சத்திரம், எலி இருப்பதால் பாம்புக்கும். சாரை, நல்லபாம்பு, கண்ணாடி விரியன் மூன்றுக்கும் அடர்ந்த சோகைக்குள் நிழல், ஈரம், இரை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். வெட்டு முடிந்ததும் பல இடங்களில் சோகையைக் கொளுத்துகிறார்கள். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் தீ வைத்தால் உள்ளே இருப்பது எதுவும் வெளியே வராது. எரிந்த தோட்டத்தில் மறுநாள் நடந்தால் சுருண்ட நிலையிலேயே கருகிய சாரைகளைக் காணலாம். வரப்பெலி மட்டும் ஆழத்தில் பத்திரமாக இருக்கும். அப்புறம் எலிமருந்து வைப்பார்கள்; மருந்து தின்று தள்ளாடும் எலி, மிஞ்சிய பாம்புக்கும் ஆந்தைக்கும் சுலபமான இரை.

மணிமுக்தா ஆற்றுப் பாசனத்தில் கரும்பு போடும் ஒரு பெரியவரிடம் இதைப் பேசினேன். “கொளுத்துறதுல ஒரு பக்கம் விட்டுத்தான் வெப்பேன் தம்பி. எங்கப்பா காலத்துலருந்து அப்படித்தான். காத்துக்கு எதிர்த்தாப்ல வெச்சு மேக்கால வரப்புப் பக்கம் வழி உட்டுடுவோம். சாரை ஓடுறதைக் கண்ணால பாத்திருக்கேன். அது இல்லன்னா அடுத்த போகத்துல எலிக்குத்தான் கரும்பு நடணும்.” இப்போது அவர் பிள்ளைகள் சோகையைக் கொளுத்துவதில்லை, தூளாக்கி நிலத்திலேயே மூடாக்காகப் போடும் இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவருகிறார்கள். மண்ணுக்கு நல்லது, தண்ணீரும் மிச்சம். ஆனால் அந்த இயந்திரத்தின் கத்திகள் சோகைக்கடியில் சுருண்டு கிடப்பது பாம்பா இலையா என்று பார்ப்பதில்லை. இயந்திரம் இறங்குவதற்கு முன் நீண்ட கழியால் சோகையைத் தட்டிக்கொண்டே கிழக்கிலிருந்து மேற்காக ஒருமுறை நடந்துவிட்டால் போதும் என்று சொன்னேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும், வெளிச்சம் இருக்கும்போதே நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகள் யோசித்தார்கள். ஓட்டுநருக்கு வாடகை மணிக்கணக்கு, காத்திருக்க வைத்தால் காசு ஏறும் என்றார் மூத்தவர். அப்படியென்றால் முந்தின சாயங்காலமே தட்டிவிடலாமே என்றார் பெரியவர். இரவில் பாம்பு திரும்பி வந்துவிடாதா என்று இளையவர் கேட்டார். நல்ல கேள்வி. வந்துவிடும், அதனால் காலையில் வெயில் ஏறியதும் தட்டி, உடனே இயந்திரத்தை இறக்குவது என்று முடிவாகியிருக்கிறது. அவர்களுக்கு ஆலையின் வெட்டு உத்தரவு தை மாதத்தில் வருகிறது.